பாடப் புத்தகத்திலிருந்து வழக்குக் கட்டுக்கு

ஆசிரியர் வேலையை விட்டுச் சட்டம் படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டேன் என்று சொன்னதும், பெரும்பாலோர் முதலில் கேட்பது என் வயதைத்தான். "இந்த வயசுக்கு மேல விடுவாங்களா?" என்பது அதையொட்டி வரும் அடுத்த கேள்வி. விடுவார்கள். ஆனால் ஒரு காலத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 45 வயதைக் கடந்தவர்களை வழக்கறிஞர்களாகப் பதிவு செய்யக் கூடாது என்று 1993இல், வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வேறு பணிகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கடைசிக் காலத்தில் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வந்து, பழைய செல்வாக்கை வைத்துத் தொழிலின் தரத்தைக் கெடுக்கிறார்கள் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. இளமையில் பதிவு செய்துவிட்டு வேறு வேலைக்குப் போய், ஐம்பது வயதில் திரும்பி வருபவரை அந்த விதி தடுக்கவில்லை. 45 வயதுக்குப் பிறகு புதிதாக வருபவரை மட்டுமே தடுத்தது. இந்தப் பாகுபாட்டுக்கு நியாயம் இல்லை என்று சொல்லி 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. நான் 43 வயதில் பள்ளியை விட்டு, 46 வயதில் பதிவு செய்தவள். அந்தத் தீர்ப்பு வராமல் இருந்திருந்தால், படித்த பட்டத்தைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன்.

பாளையங்கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் பதினேழு ஆண்டுகள் வரலாறும் சமூக அறிவியலும் கற்பித்தேன். அந்த வேலையை நான் வெறுத்து விடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்புக்கு 2019இல் புதிய பாடநூல் வந்தபோது அந்த ஆண்டு முழுவதும் உற்சாகமாகவே போயிற்று. பிறகு 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தினோம். சம்பளம் பாதியாயிற்று, சில மாதங்களில் அந்தப் பாதியும் தவணையாக வந்தது. கட்டணம் செலுத்தாத பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டும் பொறுப்பும் வகுப்பாசிரியர்களின் தலையில் விழுந்தது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளி ஆசிரியர்கள் பலர் அந்தக் காலத்தில் காய்கறி விற்றார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள், ஆட்டோ ஓட்டினார்கள். செய்தித்தாள்களில் அவையெல்லாம் படங்களோடு வந்தன. அந்தப் படங்களைப் பார்த்து நாங்கள் வாட்ஸ்அப்பில் வருத்தப்பட்டுக்கொண்டோமே தவிர, எங்களைக் காக்க எந்தச் சட்டம் இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர் எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரும் இல்லை.

அதைத் தேடப் போய்த்தான் நான் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தேன். தொழிலாளர் துறையில் முறையிடலாமா என்று ஒரு சக ஆசிரியை விசாரித்தபோது, "டீச்சருங்க தொழிலாளர் கணக்குல வர மாட்டாங்கம்மா" என்று பதில் கிடைத்தது. அது யாரோ ஒரு அலுவலர் தட்டிக்கழிக்கச் சொன்ன வார்த்தை என்று நினைத்தேன். தேடிப் படித்தபோது அது உண்மை என்று தெரிந்தது. கோவாவில் ஒரு பள்ளியிலிருந்து வேலைநீக்கம் செய்யப்பட்ட சுந்தராம்பாள் என்னும் ஆசிரியையின் வழக்கில், ஆசிரியர்கள் தொழிற்தகராறுச் சட்டம் சொல்லும் 'தொழிலாளர்' ஆக மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்திருந்தது. கற்பிப்பது உடலுழைப்போ எழுத்தர் பணியோ அல்ல, அது உயர்ந்த பணி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உயர்ந்த பணி என்று சொல்லியே ஒருவரைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்த முடியும் என்பதை அன்றுதான் முதன்முதலாக எழுத்தில் பார்த்தேன். ஆசிரியர் தினத்தன்று நாங்கள் கேட்ட பாராட்டுரைகள் எல்லாம் எனக்கு அப்போது வேறு விதமாகக் காதில் ஒலித்தன.

பணிக்கொடையின் (கிராஜுவிட்டி) வரலாறும் இதே போன்றதுதான். அது என் சொந்தக் கணக்கோடும் சேர்ந்தது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றிய ஊழியருக்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி நிலையங்களுக்கும் அந்தச் சட்டத்தை விரிவாக்கி 1997 ஏப்ரல் 3 அன்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. பள்ளியின் எழுத்தருக்கும் காவலாளிக்கும் கிடைத்த அந்த உரிமை ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை. சட்டத்தில் 'ஊழியர்' என்பதற்குத் தரப்பட்டிருந்த விளக்கத்தில் ஆசிரியர் அடங்க மாட்டார் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நாடாளுமன்றம் 2009இல் அந்த விளக்கத்தையே திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் அந்தத் திருத்தத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தன.

நான் 2021இல் வேலையை விட்டபோது பணிக்கொடை கேட்டு எழுதிக் கொடுத்தேன். "அதெல்லாம் டெல்லியில் வழக்கில் இருக்கிறது" என்று நிர்வாகத்திலிருந்து பதில் வந்தது. நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு அருகில் வந்திருந்த சமயம், 2022 ஆகஸ்ட் 29 அன்று, உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டுத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்து, ஆறு வாரங்களுக்குள் வட்டியுடன் தொகையைக் கொடுக்கும்படி பள்ளிகளுக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலை இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் மறுபடியும் விண்ணப்பம் அனுப்பினேன். பணம் வந்தது. வழக்கறிஞராவதற்கு முன்பே நான் நடத்தி வென்ற வழக்கு என்று வீட்டில் கேலி செய்வார்கள். நீதிமன்றப் படி ஏறாமல் வென்றதால் அதை வழக்கு என்று நான் சொல்லிக்கொள்வதில்லை.

கணக்கு இவ்வளவுதான்: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 20,800 ரூபாய் வாங்கியவருக்கு ஓராண்டுக்கு 12,000 ரூபாய். பதினேழு ஆண்டுகளுக்கு 2,04,000 ரூபாய். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்ட போதிலும், பதினைந்து நாள் சம்பளம் என்ற அடிப்படையும் 26ஆல் வகுக்கும் முறையும் மாறவில்லை. சம்பளத்தைப் பதிவேட்டில் ஒரு தொகையாகவும் கையில் வேறொரு தொகையாகவும் தரும் பழக்கம் உள்ள இடங்களில் இந்தக் கணக்கு எப்படிச் சுருங்கும் என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேலையை விடாமலே சட்டம் படித்திருக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியாது. தொலைதூரக் கல்வியில் பெற்ற சட்டப் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது; வகுப்புக்குப் போக வேண்டும், 70 விழுக்காடு வருகை இருக்க வேண்டும். ஆகவே இடைவயதில் இந்தப் பக்கம் வர நினைப்பவர், மூன்று ஆண்டுகளுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றை மறந்துவிடத் தயாராக இருக்க வேண்டும். அரசுச் சட்டக் கல்லூரியில் கட்டணம் பெரிய சுமையே அல்ல, ஆண்டுக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். வீட்டுச் செலவுதான் சுமை. என் கணவருக்கு நிலையான வேலை இருந்தது. மாலையில் வீட்டில் டியூஷன் எடுத்தேன். வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதியும் பிறகு வந்த பணிக்கொடையும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போயின. துணிச்சலாக முடிவெடுத்தாய் என்று என்னைப் பாராட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கை நான் மறைப்பதில்லை. ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில், அந்தச் சம்பளத்தைக் கொண்டுவருபவர் நானாக இருந்திருந்தால், இன்றும் அதே பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.

மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. இளங்கலையில் வாங்கிய மதிப்பெண்ணின் அடிப்படையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தரவரிசை வெளியிடும். இருபது வயதில் எதையும் யோசிக்காமல் எழுதிய தேர்வின் மதிப்பெண் நாற்பத்து மூன்றாம் வயதில் வந்து கைகொடுத்தது. திருநெல்வேலி அரசுச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வகுப்பில் நான் மட்டுமே மூத்தவள் என்று நினைத்துப் போனேன். ஓய்வு பெற்ற காவல் அலுவலர் ஒருவரும், வங்கியில் விருப்ப ஓய்வு பெற்ற இன்னொருவரும் இருந்தார்கள். இளம் மாணவர்கள் எங்கள் மூவரையும், பழைய ரோமின் மூத்தோர் அவையை வைத்து, 'செனட்' என்று அழைத்தார்கள். வரலாற்று ஆசிரியைக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

படிப்பைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். மூன்று ஆண்டுகளும் நாங்கள் இந்தியத் தண்டனைச் சட்டத்தையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் பிரிவு பிரிவாகப் படித்தோம். தேர்வெழுதி முடிக்கும் தறுவாயில், 2024 ஜூலை 1 அன்று, மூன்றின் இடத்திலும் புதிய சட்டங்கள் வந்தன. கொலைக்கான 302ஆம் பிரிவு 103 ஆயிற்று. ஊரே கேலிப்பெயராக வழங்கிய 420, 318க்குள் போய் ஒளிந்துகொண்டது. எல்லாவற்றிலும் வேடிக்கை 144தான். தெருவில் நான்கு பேர் கூடக் கூடாது என்னும் தடை உத்தரவாகத் தமிழ்நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்திருந்த அந்த எண், புதிய நடைமுறைச் சட்டத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஜீவனாம்சம் வழங்குவதற்கான பிரிவாகியிருக்கிறது. தடை உத்தரவு 163க்குப் போய்விட்டது. முப்பது ஆண்டு அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞர்களும் பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண் அச்சிட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு வாதாடிய மாதங்கள் அவை. தாமதமாகத் தொழிலுக்கு வந்த எனக்கு அது ஒரு சலுகை போலவே ஆயிற்று. பிரிவு எண்களைப் பொறுத்தவரை எல்லோரும் என்னோடு முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

பதிவுக்குச் சென்னை செல்ல வேண்டியிருந்தது. வழக்கறிஞர்கள் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல் (பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேல்) பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதற்கு முன்பு நாட்டின் பல மாநிலங்களில் அது பல்லாயிரக் கணக்கில் இருந்தது. பதிவுக்குப் பின் அகில இந்திய பார் தேர்வு: நூறு வினாக்கள், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, தமிழிலும் எழுதலாம், குறிப்புகள் எழுதப்படாத சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம், பொதுப் பிரிவினர் 45 விழுக்காடு எடுத்தால் போதும். பதினேழு ஆண்டுகள் தேர்வறையில் கண்காணிப்பாளராக நடந்த கால்கள் மேசைக்கு அடியில் கிடக்கச் சற்றுச் சிரமப்பட்டன என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நீதிமன்ற வேலைக்கு வருகிறேன். நான் ஜூனியராகச் சேர்ந்த அலுவலகத்தின் சீனியர் என்னைவிட வயதில் இளையவர். அவரை நான் "சார்" என்கிறேன், அவர் என்னை "டீச்சர்" என்கிறார். இந்த ஏற்பாட்டை நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்யவில்லை, முதல் வாரத்தில் தானாக அமைந்தது. நான் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திய மாணவன் ஒருவன் அதே வளாகத்தில் எட்டு ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞன். பதிவு வரிசைப்படி அவர் எனக்கு மூத்தவர். என்னைக் கண்டதும் "மிஸ்" என்று எழுந்து நிற்பார். நானும் எழுந்து நிற்பேன். இருவரும் நின்றுகொண்டே பேசிவிட்டுப் பிரிவோம்.

ஜூனியரின் வேலை என்ன என்பதைப் படங்களில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்துக் கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். வழக்கு அழைக்கப்படும்போது சீனியர் வேறு நீதிமன்றத்தில் இருந்தால் எழுந்து நின்று, சற்று நேரம் கழித்து அழைக்கும்படி கேட்க வேண்டும். வாய்தா வாங்க வேண்டும், அந்தத் தேதியை டைரியிலும் கட்டின் மேலும் குறிக்க வேண்டும், நகல் மனுப் போட வேண்டும், நமக்காக வாதாடலாம் என்று கட்சிக்காரர் எழுதித் தரும் வக்காலத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், வழக்குத் தொடுத்தவரின் மனுவான பிராதுக்கு எதிருரை தயாரிக்கக் கட்சிக்காரரிடம் விவரம் கேட்க வேண்டும். எங்கள் குமாஸ்தா அண்ணாச்சி முப்பத்தைந்து ஆண்டுகளாக இதே வேலையில் இருப்பவர். நான் முதன்முதலில் ஒரு பழைய கட்டைப் பிரித்தபோது பக்கத்தில் வந்து நின்று, "டீச்சரம்மா, பிரிக்கது பெருசில்ல, அதே வரிசையில திருப்பிக் கட்டணும்லா" என்றார். கட்டு என்பது பார்ப்பதற்குச் சணல் சுற்றிய காகிதக் குவியல்தான். ஆனால் அதில் பிராது எங்கே, இடைக்கால மனு எங்கே, குறியீடு செய்த ஆவணத்தின் நகல் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிந்தவரிடம்தான் வழக்கு இருக்கிறது. சட்டக் கல்லூரியில் மூன்று ஆண்டுகளில் யாரும் எங்களுக்கு ஒரு கட்டைக் கையில் கொடுத்ததில்லை.

வருமானத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களுக்கு 20,000, ஊரகப் பகுதிகளுக்கு 15,000 என்று பரிந்துரைத்துச் சுற்றறிக்கை அனுப்பியது. நான் பழகிய ஜூனியர்களில் அந்தத் தொகையை முழுதாக வாங்குபவரை இன்னும் பார்க்கவில்லை. பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் போக மிச்சமிருந்தால் நல்ல அலுவலகம் என்பதே நடைமுறை. பதிவு செய்த வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. ஆனால் முழுநேரமாக இல்லாத வரை கற்பிப்பதைப் பார் கவுன்சில் விதி அனுமதிக்கிறது. அந்த அனுமதியின் பேரில் சனி, ஞாயிறுகளில் இன்னும் டியூஷன் எடுக்கிறேன். இன்று என் வருமானத்தில் பாதிக்கு மேல் அதுதான். ஆசிரியர் தொழிலை விட்டவள் என்று இந்தக் கட்டுரையில் என்னைச் சொல்லிக்கொள்வதை அந்த அளவுக்குக் குறைத்துப் படிக்க வேண்டும்.

"டீச்சருக்குப் பேசத் தெரியும், கோர்ட்டில் ஜமாய்ச்சிடுவீங்க" என்பது நான் அதிகம் கேட்ட ஆறுதல். ஆசிரியத் தொழிலிலிருந்து என்ன கொண்டுபோகிறோம் என்பதைப் பற்றி வெளியிலிருப்பவர்கள் நினைப்பது பெரும்பாலும் தவறு என்றே நான் சொல்வேன். பேச்சு உதவவில்லை. ஆசிரியர் ஒரு கருத்தை மூன்று விதமாகச் சொல்லப் பழகியவர். கடைசி பெஞ்சுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்பவர். ஒரே நாளில் அறுபது, எழுபது வழக்குகள் பட்டியலில் இருக்கும் நீதிபதியிடம் இரண்டாம் முறை சொல்லத் தொடங்கும்போதே அடுத்த வழக்கை அழைத்துவிடுவார்கள். அதைவிடக் கடினமானது குறுக்கு விசாரணை. வகுப்பில் ஒரு பிள்ளை தவறான விடை சொன்னால் உடனே திருத்துவது எங்கள் ரத்தத்தில் ஊறிய வழக்கம். எதிர்த்தரப்புச் சாட்சி தவறான தேதியைச் சொன்னால், அதைத் திருத்தாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல், அந்தத் தவறு அப்படியே வாக்குமூலத்தில் பதிவாகும் வரை பேசாமல் இருக்க வேண்டும். அந்தத் தவறு வாதத்தின்போதுதான் பயன்படும். சீனியர் குறுக்கு விசாரணை செய்யும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு, சாட்சி தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் கை தானாக எழப் பார்க்கிறது.

உதவியது வேறு. பதினேழு ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு எந்தக் கையெழுத்தும் புரியும். திருநெல்வேலிப் பக்கத்துச் சொத்து வழக்குகளில் தாய்ப் பத்திரம் என்று கொண்டுவருவது பல சமயம் தாத்தா காலத்துக் கையெழுத்துப் பத்திரமாக இருக்கும். மை மங்கி, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, நிறுத்தற்குறி ஒன்றுகூட இல்லாமல், ஒரே வாக்கியமாக இரண்டு பக்கம் ஓடும். நிலத்தின் அளவு ஏக்கரில் இருக்காது. இத்தனை கோட்டை விதைப்பாடு, இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று, அதில் விதைக்கத் தேவையான நெல்லின் அளவில் சொல்லப்பட்டிருக்கும். எல்லைகள் நான்கு மாலாக எழுதப்பட்டிருக்கும். கிழக்கே இன்னார் வயல், மேற்கே வாய்க்கால் என்று. அந்த இன்னாரின் பேரனிடமிருந்து அந்த வயலை வாங்கியவர்தான் இன்று பிரதிவாதியாக இருப்பார். ஆண்டு கொல்லம் கணக்கில் இருக்கும். ஒரு பத்திரத்தில் கொல்லம் 1098 என்று இருந்ததை, இது எந்தக் காலம் என்று அலுவலகத்தில் எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது, ஆகவே ஆவணி தொடங்கி மார்கழி நடு வரை 824ஐயும் அதன் பிறகு 825ஐயும் கூட்டினால் 1922 - 23 என்று வரும். வகுப்பில் எந்தத் தேர்விலும் கேட்கப்படாத இந்தச் செய்தியை நான் படித்து வைத்திருந்தது, வேலையை மாற்றிக்கொண்ட பிறகுதான் ஒருவருக்குப் பயன்பட்டது.

தேதிகளைப் பின்தொடரும் பழக்கமும் அப்படித்தான். பாகப்பிரிவினை வழக்குக்காக அறுபது வயதைக் கடந்த பெண்கள் அடிக்கடி வருகிறார்கள். அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்துக்கொண்டு தங்களை விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் எல்லாமே தேதிகள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு திருமணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் திருமணமான மகள், ஆகாத மகள் என்ற வேறுபாடு இல்லை. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தின் மூலமாகவோ நீதிமன்றத் தீர்ப்பின் மூலமாகவோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. ஒரு தாளில் கோடு போட்டு இந்தத் தேதிகளைக் குறித்து, அதன் மேல் அந்த அம்மாவின் கல்யாணத்தையும் அப்பாவின் இறப்பையும் பத்திரப் பதிவையும் குறித்தால், வழக்கு இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கே ஓரளவு தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டிய அதே காலக்கோடுதான்.

காசோலை வழக்குகளிலும் வருகைப் பதிவேடு எழுதிய கை சும்மா இருப்பதில்லை. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 15 நாட்கள் பணம் கொடுக்க அவகாசம். அது முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இந்த மூன்று தேதிகளையும் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் தனித்தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சீனியர் என்னை அலுவலகத்தில் வைத்திருப்பதற்கு அந்த நோட்டுப் புத்தகமே முதன்மைக் காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

பழைய சக ஆசிரியர்கள் இப்போது தொலைபேசியில் அழைக்கிறார்கள். வேலையை விடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அது அவரவர் வீட்டு வரவு செலவைப் பொறுத்தது. விடுவதாக முடிவு செய்துவிட்டவர்களிடம் மட்டும் சில காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். பணி நியமன ஆணையின் நகல் வேண்டும். பல பள்ளிகளில் அது தரப்படுவதே இல்லை, அப்படியானால் பணியில் சேர்ந்த ஆண்டைக் காட்டும் வேறு ஏதாவது வேண்டும், தேர்வுப் பணிக்கான உத்தரவாக இருந்தாலும் போதும். சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கின் பக்கங்கள் வேண்டும். வைப்பு நிதிக் கணக்கில் பணியில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று, பள்ளியோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டுகள் முடிந்திருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. பணிக்கொடைக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அந்த உரிமை பறிபோகாது.

இப்படி அழைத்தவர்களில் ஓர் ஆசிரியை வேறொரு பள்ளியில் இருபத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவர். நிர்வாகம் தர மறுத்த பணிக்கொடைக்காகத் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரி முன் மனுப் போட்டிருக்கிறோம். சீனியர் வக்காலத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அந்த ஆசிரியை பணியில் சேர்ந்த ஆண்டையே நிர்வாகம் மறுக்கிறது. பதினோரு ஆண்டுகள்தான் பணியாற்றினார் என்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குக் கண்காணிப்பாளராக அவரை நியமித்த பழைய ஆணை ஒன்று அவர் வீட்டுப் பரணில் கிடைத்திருக்கிறது. அதில் பள்ளியின் பெயரும் அவர் பெயரும் ஆண்டும் தெளிவாக இருக்கின்றன. சென்ற வாய்தாவில் அதைத் தாக்கல் செய்தோம். சம்பளப் பதிவேட்டின் அசலைக் கொண்டுவர நிர்வாகத்துக்கு உத்தரவிடும்படி கேட்டிருக்கிறோம். எதிர்த்தரப்பு அதற்குப் பதில் தாக்கல் செய்ய அவகாசம் வாங்கியிருக்கிறது.